படையலுக்கு ஒரு முகம்

எனக்கு வாய் ஒரு முந்திரிக்கொட்டை. யாராவது "ஒரு படம்..." என்று இழுத்தாலே போதும், மீதியைக் கேட்காமல் "ஓ, தாராளமா வரைஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்து ஒட்டிக்கொண்ட வியாதி இது. அறிவியல் டீச்சருக்கு இதயத்தின் குறுக்குவெட்டு, வரலாற்று டீச்சருக்குக் கோட்டை, ஆண்டுவிழா வளைவுக்கு இரண்டு மயில் என்று ஊருக்கெல்லாம் வரைந்து கொடுத்தே காலம் போய்விட்டது. அதனால் எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா வந்து கேட்டபோதும் நான் யோசிக்கவில்லை.

"டீச்சர், என்ர மனுசன்ர படம் ஒண்டு கீறித் தருவியளோ?"

"தாராளமா அக்கா. போட்டோ கொண்டாங்க."

"போட்டோ இல்லை."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் சொன்ன வாக்கை எப்படித் திரும்ப எடுப்பது?

அக்கா வன்னியிலிருந்து வந்தவர். அங்கே கடைசியாக நடந்த சண்டையில் கணவர் இறந்துபோனார். அப்போதுதான் பேச்சு வரத் தொடங்கியிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு படகேறி இந்தக் கரைக்கு வந்து, கொஞ்ச காலம் முகாமில் இருந்து, பிறகு மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை கிடைத்து, கள்ளிக்குப்பத்தில் எங்கள் மாடிக்குக் குடிவந்தார். ஒவ்வோர் ஊராக இடம்பெயர்ந்து ஓடிய வழியில் எங்கேயோ ஒரு பை தொலைந்தது. கல்யாணப் போட்டோ, அடையாள அட்டை எல்லாம் அந்தப் பையில்தான். இதை ஒருமுறை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்ததைச் சொல்லுவோமே, அந்தக் குரலில்தான் சொன்னார்.

இப்போது அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம். அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை கள்ளிக்குப்பத்துப் பையன்தான். ஒரு காலத்தில் இங்கே நெல் விளைவித்த பழைய குடும்பம். நிலமெல்லாம் அடுக்குமாடியாகி, பையன் லேத் பட்டறையில் இருக்கிறான். இரண்டும் தாமாகவே பார்த்துப் பிடித்துக்கொண்டன. பையனின் அம்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. நல்ல மனுஷி. ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றுவிட்டார்.

"இன்னாமா இது, பெரியவங்களுக்குப் படைக்காம எப்டி தாலி ஏத்துறது? நாங்கோ எங்க ஊட்ல படைக்கிறோம். நீங்கோ உங்க ஊட்ல படைங்கோ. பொண்ணப் பெத்தவரு போட்டோவ வெச்சி, புது வேட்டி வெச்சி, எல போட்டுப் படச்சாதான் அவரு மன்சு குளுரும். ஒரு போட்டோகூடவா கெடியாது?"

நல்ல காரியம் நடக்கும்போது செத்தவர்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டுச் சம்மதம் வாங்குவது இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கூப்பிட ஒரு முகம் வேண்டும், அவ்வளவே. அந்த ஒரு முகத்துக்காக அக்கா என் வாசலில் வந்து நின்றிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தேன். போலீஸ்காரர்களுக்குத் திருடன் முகம் வரைந்து கொடுப்பவர்கள் இப்படித்தான் கேட்டுக் கேட்டு வரைவார்களாம். நானும் மேலிருந்து ஆரம்பித்தேன்.

"முகம் வட்டமா, நீளமா?"

"நீளம்."

"நெத்தி?"

"அகலமான நெத்தி. இந்தப் பக்கம் மயிர் ஒட்டிப்போய் இருந்தது."

"கண்ணு?"

"மூடியிருந்தது."

நான் மூடிய கண்ணையே வரைந்துகொண்டு போனேன். அப்போதும் உறைக்கவில்லை.

"வாய்?"

"கொஞ்சம் திறந்திருந்தது. பல்லில மண்."

பென்சில் நின்றுவிட்டது. அக்கா சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேற முகம் வருகுதில்லை டீச்சர். கண்ணை மூடினா அந்தக் கடைசி முகந்தான் வருகுது. அதுக்கு முந்தின எல்லாத்தையும் அது மூடிப்போட்டுது" என்றார்.

அவர் மேலே போன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? பென்சிலைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அந்த முகத்தையே வரைந்து முடித்தேன். ஒட்டிய மயிர், மூடிய இமை, பிளந்த உதடு. கை தானாக ஓடியது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, என் வாழ்நாளில் நான் வரைந்த படங்களில் அதைப் போல ஒன்று அமைந்ததில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் உடம்பெல்லாம் கூசியது.

யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஓவியம் படித்த காலத்தில் எங்களுக்குக் காட்டப்பட்டவை எல்லாம் அப்படித்தானே. துப்பாக்கி வரிசைக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற வெள்ளைச் சட்டைக்காரன். செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்து அலறும் தாய். மரத்தில் தொங்கும் உடல்கள். ஐரோப்பாக்காரர்கள் சாவை நுணுக்கி நுணுக்கி வரைந்து வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் குறைந்தவர்களா? பரணி பாடியவர்கள் போர்க்களத்துப் பிணங்களைப் பேய்களை விட்டுக் கூழ் காய்ச்ச வைத்தார்கள், அதையும் சிரிக்கச் சிரிக்கப் பாடினார்கள். கோயில் சுவரில் யானைக் காலடியில் கிடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே வாய். சிற்பிக்கு ராஜாவின் மீசையில் இருந்த அக்கறை அவர்கள்மேல் இருக்கவில்லை. ஆக, போரில் செத்தவன் எப்படி இருப்பான் என்பதைப் பல நூறு வருஷமாகக் கலைஞர்கள் எங்கள் கைக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அவன் அதற்கு முந்தின நாள் எப்படி இருந்தான் என்று கேட்டால்தான் கை திணறுகிறது.

நடுகல்லை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் வீரன் அம்பு தைத்த பிறகும் நெஞ்சை நிமிர்த்தி முழு உருவமாக நிற்பான். கண் திறந்திருக்கும். அதற்கு முன்னால்தான் நம் ஆட்கள் கள்ளும் சோறும் படைத்தார்கள். அப்படி ஒன்று வரைந்தால் என்ன என்று நினைத்தேன். ஆனால் அக்காவின் கணவர் ஒரு சண்டைக்கும் போனவர் இல்லை. கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனவர். தண்ணீர் பிடிக்கப் போனவனுக்கு எவன் நடுகல் நட்டிருக்கிறான்?

படத்தை அக்காவிடம் காட்டுவதா வேண்டாமா என்று குழம்பினேன். மறைத்து வைப்பதும் திருட்டுத்தனமாகப் பட்டது. காட்டினேன். அக்கா அழவில்லை.

"ஓம். இப்பிடியேதான் கிடந்தவர்."

பிறகு தாளை மெதுவாகக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "ஆனா இதுக்கு முன்னால சோறு படைக்கேலாது, டீச்சர். பிள்ளை பார்த்தால் பிறகு அவளுக்கும் இதுதான் வரும்" என்றார்.

அவருக்கு எது வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. அதைச் செய்ய எனக்குத் தெரியாது என்பதும் தெளிவாகிவிட்டது.

இந்தக் குழப்பத்தோடுதான் ஆயுத பூஜை வந்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். அவருடைய அப்பாவும் அங்கேதான், என்னுடைய அப்பாவும் அங்கேதான். ஒருவர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர், ஒருவர் சேலத்திலிருந்து. நாங்கள் இருவரும் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த தெருவில் வளர்ந்தவர்கள். எங்களுக்கு டாங்கி என்றால் அப்பாவின் வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தீபாவளிக்குப் புதுத்துணி. ஆயுத பூஜைக்கு அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் தெளித்து, குங்குமம் இட்டு, பீரங்கிக் குழாயில் மாலை போட்டு, சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். கையில் பொரி கடலையோடு அதன்மேல் ஏறி விளையாடி வளர்ந்த கூட்டம் நாங்கள்.

என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒருமுறை "போர்" என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னேன். வகுப்பு முழுக்க டாங்கிகள். சக்கரம், இரும்புச் சங்கிலி எல்லாம் கச்சிதம். அப்பாமார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாதிப் பிள்ளைகள் பொட்டும் மாலையும்கூடப் போட்டிருந்தார்கள். ஆள் ஒருவர்கூட இல்லை. "ஏம்மா, போர்னா மனுஷங்க இருக்க மாட்டாங்களா?" என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "உள்ள இருக்காங்க மிஸ்" என்றாள். சரிதானே என்று நானும் டிக் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாலையோரம் மேடைகட்டி ஒரு பழைய டாங்கியை நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் அதற்கு முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்காமல் ஊருக்கு அனுப்பமாட்டோம். நிச்சயமான பெண் என்றால் கேட்கவே வேண்டாம், கட்டாயம். நானும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டவள்தான். அதனால் பூஜையன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் "அந்தப் பொண்ணையும் அவங்கம்மாவையும் கூட்டிட்டுப் போய் ஒரு போட்டோ எடுத்துடலாம்" என்று சொன்னபோது, "ஆமாங்க, சம்பந்தியம்மாவையும் கூப்பிட்டுக்கலாம்" என்றுதான் நான் சொன்னேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இதை வெளியாட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், உங்களுக்கென்ன மண்டையில் களிமண்ணா என்பார்கள். உண்மையிலேயே தோன்றவில்லை.

அங்கே போய் இறங்கி, மாலை போட்ட பீரங்கிக் குழாய்க்குக் கீழே அக்கா நிற்பதைப் பார்த்தபிறகுதான் இவரை எதற்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்று எனக்குப் புரிந்தது.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், ஓடுவார், அலறுவார். படங்களில் அப்படித்தானே பார்த்திருக்கிறேன். அக்கா அப்படி எதுவும் செய்யவில்லை. டாங்கியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இரும்பைத் தொட்டுப் பார்த்தார். கையில் ஒட்டின குங்குமத்தைப் பார்த்தார். அப்புறம் என் வீட்டுக்காரரிடம் திரும்பிக் கேட்டார்.

"அண்ணை, இதுக்குள்ள இருந்து பாத்தால் வெளியில நிக்கிற சனம் தெரியுமோ?"

என் வீட்டுக்காரருக்கு வேலையைப் பற்றிக் கேட்டால் உற்சாகம். அவர் பாட்டுக்கு விளக்கினார். "மூடியைச் சாத்திட்டா சின்னக் கண்ணாடி வழியாத்தான்மா பார்க்கணும். தூரத்துல இருக்கிறவங்க தெரிவாங்க. ரொம்பக் கிட்ட வந்துட்டாத்தான் தெரியாது."

அக்கா தலையாட்டிக்கொண்டார்.

"அப்ப தெரிஞ்சிருக்கும். நாங்கள் தூரத்திலதான் நிண்டனாங்கள்."

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. சம்பந்தியம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் டாங்கியின் முகப்பில் இருந்த குங்குமத்தை வழித்து மருமகள் நெற்றியில் வைத்துவிட்டு, "இன்னா அல்லாரும் பேயறஞ்ச மாரி நின்னுகினு கீறீங்கோ? போட்டோ எடு நைனா, லைட்டு போவுது" என்று சத்தம் போட்டார். என் வீட்டுக்காரர் கைபேசியைத் தூக்கினார். யாருடைய பழக்கமோ, எந்த ஊர் வழக்கமோ, கைபேசியைத் தூக்கினால் எல்லாரும் சிரித்துவிடுகிறோம். அக்காவும் சிரித்தார்.

அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. பட்டுப்புடவை, மாலை போட்ட டாங்கி, சிரிக்கும் அக்கா. போரின் பாதிப்பை வரைந்தவர்கள் யாராவது இப்படி ஒன்றை வரைந்திருப்பார்களா? வரைந்தால் பொய் என்றுதான் சொல்லியிருப்போம்.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் சண்டை. ஆரம்பித்தது அவர்தான்.

"நம்ம வண்டி எல்லைக்குத்தான் போகுது. அங்கெல்லாம் போகல."

"நான் போச்சுன்னு சொன்னேனா?"

"அப்புறம் ஏன் என்னை அப்படிப் பார்க்கிற?"

"நான் எங்கங்க பார்த்தேன்? நான் அரிசி களைஞ்சுட்டிருக்கேன்."

ஆனால் பார்த்திருப்பேன் போலிருக்கிறது. மறுநாள் அவரே அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அக்கா அவரைச் சமாதானப்படுத்தி, காபி கொடுத்து, "அவர் செத்தது டாங்கியால இல்லை அண்ணை, வந்து விழுந்த ஷெல்லால" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இறங்கி வந்து, "ஷெல்தானாம்" என்றார் என்னிடம். முகத்தில் ஒரு நிம்மதி. அது கொஞ்ச நேரம்தான். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதையும் எவனோ ஒருத்தன் புள்ளைங்களைப் படிக்கவைக்கத்தான் செஞ்சிருப்பான்" என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

நான் மறுபடி படத்துக்குத் திரும்பினேன். இந்தத் தடவை அக்காவிடம் கணவரின் முகத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்தோம். "இவரை மாதிரியா?" "இல்லை." "அந்தப் பால்காரர் மூக்கு?" "கிட்டத்தட்ட. இன்னும் கொஞ்சம் கூர்." காது மகளுக்கு அப்படியே அப்பாவின் காது என்றார், அவளை உட்காரவைத்துக் காதையும் புருவத்தையும் வரைந்துகொண்டேன். கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் மட்டும் என் வீட்டுக்காரரை வெள்ளைச் சட்டை போட்டு நிற்கவைத்தேன். மறுபேச்சுப் பேசாமல் வந்து நின்றார். வழக்கமாக இப்படி நிற்கச் சொன்னால் "எனக்கு வேற சோலி இல்லையா" என்று சீறுகிற ஆள்.

"சிரிக்கத் தேவையில்லை டீச்சர். கண் திறந்திருந்தாக் காணும்" என்று அக்கா சொல்லியிருந்தார். போதும் என்பதைத்தான் அவர்கள் காணும் என்பார்கள்.

கண்தான் வரவே இல்லை. வரைவேன், அழிப்பேன். தாள் தேய்ந்து புதுத் தாள் மாற்றுவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன், வீட்டில் பாத்திரங்கள்மேல். முகமே தெரியாத ஒரு மனிதர் என்னை இப்படி ஆட்டிவைப்பது கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உட்கார்ந்தவுடன் கண் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெரியாது. கொஞ்சம் களைத்த, தணிந்த பார்வை. எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பார்வை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன்.

அக்கா வெகு நேரம் பார்த்தார். என்னையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"காணும், டீச்சர். வடிவா இருக்கு."

இவர்தானா என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். குமணன்சாவடியில் எனக்குத் தெரிந்த கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன்.

படையல் அன்று காலையிலிருந்தே சம்பந்தியம்மா வந்து மாடியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். "அவருக்கு இன்னாமா புடிக்கும்?" என்று கேட்டதும் அக்கா ஒரு நொடிகூட யோசிக்காமல் "கணவாய்க் கறி" என்றார். இங்கே அதற்குக் கடம்பா என்று பெயர். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்கு ஓடினார். அந்த மனிதரின் முகம் மறந்துபோயிற்று, அவர் நாக்கு அக்காவுக்கு மறக்கவில்லை. தேங்காய்ப்பால் எவ்வளவு, மிளகாய்த்தூள் எவ்வளவு என்று கை அளந்து போட்டுக்கொண்டே இருந்தது.

தலைவாழை இலை, புது வேட்டி, வெற்றிலை பாக்கு. சுவரோரம் பலகைமேல் படத்தை வைத்துக் குங்குமப் பொட்டு வைத்தாயிற்று. சம்பந்தியம்மா மாலையை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். சத்தம் போட்டே பேசத் தெரிந்தவர், அன்று கிசுகிசுத்தார்.

"டீச்சரம்மா, இன்னா பண்ணி வெச்சிகீறே? இது உன் ஊட்டுக்காரருல்ல?"

பார்த்தேன். ஐயோ, ஆமாம். மூக்கு பால்காரருடையது, காது அந்தப் பெண்ணுடையது. ஆனால் அந்தக் கண்கள், ஷிஃப்ட் முடிந்து வந்து, நான் கத்துவதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரருடைய கண்கள். பார்த்து வரை, நினைச்சு வரையாதே என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். நினைத்து வரைந்தால் தினம் பார்க்கிற முகம்தான் கையில் வந்து உட்காரும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். எனக்கு என் புருஷன் ஆகியிருந்தார்.

"உசுரோட கீறவரு படத்துக்கு மாலை போடக்கூடாதும்மா. தாலிக்கு ஆவாது. எட்த்துடு, எதுனா சொல்லி எட்த்துடு."

இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் வகுப்பில் கிண்டல் செய்கிறவள்தான். ஆனால் அந்த நேரம் எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. பொட்டு வைத்த என் புருஷனின் முகத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தில் கை வைத்தேன்.

அதற்குள் அந்தப் பெண் விளக்கோடு உள்ளேயிருந்து வந்து படத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். தலை குளித்து, ஈர முடியை விரித்துப்போட்டிருந்தாள். அப்பா என்று யாரையும் கூப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்குக் கலியாணம். நல்ல பெடியன். நீங்கள் பயப்பிடத் தேவையில்லை."

என் கை சட்டத்தின் மேலேயே இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார். கிட்ட வந்து, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் டீச்சர். என்னட்டை இருக்கிற முகத்தைப் பிள்ளைக்குக் குடுக்க மனம் வரேல்லை. இது நல்ல முகம். ஆனா தாலி உங்கட. எடுக்கிறதெண்டா எடுங்கோ, நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

எடுத்தால் அந்தப் பெண் இப்போதுதான் கண்ட அப்பாவைப் பறிப்பேன். விட்டால் என் புருஷன் செத்தவராகி மாலை வாங்கிக்கொள்வார். வாசற்படியில் தண்ணீர்ச் செம்போடு அவர் நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியாது; படத்தைப் பார்த்துவிட்டார் என்று முகம் சொன்னது. உள்ளே வந்து செம்பை வைத்தார். சம்பந்தியம்மா கையிலிருந்த மாலையை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"நீயே போடும்மா. உங்கப்பாவுக்கு நீ போடுறதுதான் முறை."

அவள் போட்டாள். விழுந்து கும்பிட்டாள். நான் தாலியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்று அழுதேன், பெண்ணுக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் கீழே வந்ததும் அவர் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டார். நான் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் ஒன்றுமில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு பேசினப்போ எனக்கு ஒரு நிமிஷம் நான் செத்தவனாத்தான் தோணிச்சு. தண்ணி பிடிக்கப் போய்ச் செத்தவன். நாளைக்கு நான் எப்படிப் போய் அந்த வண்டிக்கு வெல்டிங் வைக்கிறது? நீ என்ன சொல்ற?" என்றார்.

எனக்குத் தெரிந்த படங்களில் செத்தவனும் இருக்கிறான், கொன்றவனும் இருக்கிறான். இரண்டு பேர் முகமும் ஒன்றாக இருக்கிற ஒருவன் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருப்பதை நான் எங்கும் பார்த்ததில்லை. எழுந்து போய்த் தோசைக்கல்லைப் போட்டேன்.

மறுநாள் காலையில் டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு, வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ ஒண்ணும் சொல்லலியே."

"நேரமாச்சுங்க, கிளம்புங்க" என்றேன்.

கிளம்பினார்.